கமலைக் கிணறும் ஒரு பிரெஞ்சுப் படமும்

உசிலம்பட்டி
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை பரவாயில்லை, சோளம் கதிர் வாங்கிவிட்டது.

போன வாரம் மதுரையில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ‘ஃபாரெபீக்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் போட்டுக் காட்டினான். ஜார்ஜ் ரூக்கியே எடுத்து 1946இல் வந்த படம். பிரான்சின் அவேரோன் பகுதியில் ஒரு பண்ணை வீடு. அங்கே உழுகிறவர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் இயக்குநரின் சொந்தக்காரர்களே. நான்கு பருவங்களும் அந்த ஒரே வீட்டைச் சுற்றி நகர்கின்றன. மொட்டு கண்ணெதிரே அவிழ்கிறது, நிழல் விறுவிறுவென்று ஊர்ந்து போகிறது. வீட்டுக்கு மின்சாரம் இழுப்பதா வேண்டாமா என்று அவர்கள் பேசிக்கொள்ளும் இடம் வந்ததும் எனக்கு உன் அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

உங்கள் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலை நினைவிருக்கிறதா? மாடுகள் பின்வாங்கி மேடேறினால் தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும். சரிவில் முன்னே நடக்கும்போது அப்பா வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பாரமும் சேர்ந்து இழுக்க, சால் ஏறிவரும். மேலே வந்ததும் வால்கயிறு இழுபட்டு, சாலின் அடியில் தைத்த தோல் குழாயான தும்பி வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். நாம் அதற்கடியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்போம். மோட்டார் வந்த வருடமே கமலைக் கால்களைப் பிடுங்கி விறகாக்கிவிட்டார்கள். அப்பாவின் முதுகு நோவு தீர்ந்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு புகைப்படமாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று அன்று இரவு முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

ரூக்கியேயின் இன்னொரு படம் 1983இல் வந்ததாம். அதே குடும்பத்தாரைத் தேடிப்போய், ஊர் மாறிப்போனதையும் பதிவு செய்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உன் சின்னையாவிடம் போய்ப் பேசினேன். எண்பத்தாறு வயதிலும் தும்பித் தோல் தைக்கும் முறையை விரலாலேயே காற்றில் தைத்துக் காட்டினார்! பொங்கலுக்கு மகன் கேமராவோடு வருகிறான். கிணற்று மேட்டில் இரண்டு கால் நட்டுவிடலாம், மாடும் ஏற்பாடு செய்துவிடுவேன். சால்தான் வேண்டும். உங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்