பத்து நாற்பது

கடையில் திடீரெனப் பேச்சுக் குழறி, வலது கை இறங்கி, நான் ஜிஎச்சுக்குப் போன விஷயம் அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும் என்பதால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. நன்றாக இருக்கிறேன். இதை வலது கையாலும் சேர்த்துத்தான் டைப் செய்கிறேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று 'வாழைப்பழம்' சொல்லிப் பார்த்தேன். வந்தது.

முதல் நன்றி ஓர் ஆட்டோ அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

2021 செப்டம்பர் 12 மெகா முகாமில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் புரண்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்திருந்தேன். கண்ணோரத்தில் ஜிகினாத் தாள் போல ஏதோ மினுக்கிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஆர்.சி. ஜெராக்ஸ் எடுக்க வந்தார். "பின்பக்கமும் வேணுமா?" என்று கேட்க நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ. கையிலிருந்த தாள் நழுவியது.

பக்கத்துக் கடைக்காரர் சோடா வாங்கிவரச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று தடுத்தார். "அக்கா, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார். வலது கை பாதியிலேயே இறங்கியது. உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தன் ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: '10.40 வரை நல்லா பேசினாங்க.'

அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தூக்கத்திலேயே வந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தெரியாததால் அன்றைக்குப் போட முடியவில்லை. அதைப் பிறகுதான் சொன்னார். ஆட்டோவில் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை, புரசைவாக்கம் நெரிசலில் யாரையோ திட்டியதைத் தவிர. ஜிஎச் வாசலில் அந்தத் தாளை என் தம்பி கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தாளை நீட்டினான்.

எனக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் அடைப்பு இல்லை. சாயங்காலத்துக்குள் பேச்சு திரும்பியது, கூடவே மண்டையைப் பிளக்கும் வலியும். ஒற்றைத் தலைவலியிலேயே இப்படிப் பக்கவாதம் மாதிரி காட்டும் ஒரு வகை உண்டாம். பத்து வருடமாகத் தைலம் தேய்த்து வெயில் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேனே! காய்ச்சலும் தூக்கமின்மையும் அதைக் கிளப்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். தடுப்பூசிக்குப் பிறகு வந்தது என்று முறைப்படி பதிவும் செய்துகொண்டார்கள். தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த டோஸை நரம்பியல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வேன். தலைவலி வரும் தேதிகளை இனி நோட்டில் எழுதி வைப்பேன், சத்தியமாக.

ராத்திரி முழுக்க என்னைப் பேசவைத்துப் பார்த்த பயிற்சி டாக்டர் தம்பி, பெட்பேன் எடுத்த ஆயா, மூன்று நாள் ரசம் அனுப்பிய மாடி வீட்டு அக்கா, கடையைப் பூட்டிச் சாவி வைத்திருந்த சோடாக்காரர், எல்லோருக்கும் நன்றி.

அண்ணனின் ஆர்.சி., ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடி மேலேயே கிடந்தது. வியாழக்கிழமை தேடிக்கொண்டு வந்தார். புதிதாக இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். நான்கு ரூபாய் நீட்டினார். வேண்டாம் என்றால் முறைத்திருப்பார். வாங்கிக் கல்லாவில் போட்டேன்.