சர்ச்சுவில் தங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லடாக்குக்குச் சொந்தக் காரில் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலையில் மணாலியில் கிளம்பினால் மாலை, லே போகும் வழியில் மலைமேல் இருக்கும் சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கிவிடலாம், மலை ஊர்க்காரர்களுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பி எங்கள் ஸ்டாண்டுப் பையன்கள் இரண்டு பேர் ஜூலையில் புறப்படத் தயாராகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஊட்டியில் 31 வருடம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் மழையென்றும் பனிமூட்டமென்றும் பார்க்காமல் போய் வந்தவன். மூன்று வருடத்துக்கு முன் அக்கா மகனோடு அதே மணாலி வழியில் போனேன். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் கணவாயில் ஏற வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கே சர்ச்சு வந்துவிட்டது. அந்த வேகம்தான் வினையாகிப் போனது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். சர்ச்சு சுமார் 4,300. சமவெளியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே.

ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குடித்த வெந்நீர்கூட வெளியே வந்தது. டார்ச் அடித்து நகத்தைப் பார்த்தேன். நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம். நம் ஊரில் யாருக்காவது முடியவில்லை என்றால் வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுவோம். நானும் சாவியை எடுத்துவிட்டேன். கூடாரக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சர்ச்சுவிலிருந்து நேரே இறக்கம் கிடையாது. மணாலிப் பக்கம் திரும்ப 4,890 மீட்டரில் இருக்கும் பாராலாச்சா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் அதைவிட உயரமான கணவாய்கள். ராணுவ முகாமில் ஆக்சிஜன் கொடுத்தார்கள், பிழைத்தான். விடிந்ததும் கணவாயைத் தாண்டி, மணாலிப் பக்கம் தாழ்வில் இருக்கும் ஜிஸ்பா என்ற ஊருக்குத் திரும்பினோம். மத்தியானம் அவனே கேட்டு இரண்டு ரொட்டி சாப்பிட்டான்.

முதல் முறை போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியாகப் போகட்டும். நாள் கூடும், சரி. ஆனால் வழியில் படுத்து எழும் கார்கில் ஏறக்குறைய தொட்டபெட்டா உயரம்தான். மணாலி வழியே வேண்டும் என்றால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தூங்கிவிட்டு, மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பி ஒரே ஓட்டமாக லே போய்ச் சேரட்டும். நாங்கள் அப்புறம் அப்படித்தான் போனோம். வெயில் ஏறினால் பனி உருகி ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிடும் என்பதாலும் சீக்கிரம் கிளம்புவது நல்லது. ஜிஸ்பாவுக்கு முன்பே வரும் தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கேயே பலகை வைத்திருந்தார்கள்.

கட்டுரையின் முதல் நாள் திட்டத்தையாவது திருத்தி வெளியிடுங்கள். பையன்கள் கிளம்புவதற்குள் வந்தால், வெட்டி ஸ்டாண்டில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகன ஓட்டுநர்,
உதகமண்டலம்.