அரக்கு மாளிகையில் எரிந்த ஆறு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதிகாசப் பெண்களைப் பெண்ணிய நோக்கில் மறுபடி எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சீதை, பாஞ்சாலி, குந்தி, காந்தாரி எல்லோரும் இருந்தார்கள். புதுமைப்பித்தன் 1943-லேயே சீதையையும் அகலிகையையும் மனம்விட்டுப் பேசவைத்ததை நினைவுபடுத்தியதும் நல்லது. ஒருத்தியைத்தான் காணோம்.

சின்ன வயதில் எங்கள் ஊரில், சேலத்துக்குப் பக்கம்தான், திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதம் படிப்பார்கள். அரக்கு மாளிகை எரிந்து, பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பியதும் கூட்டம் ஆரவாரிக்கும். நானும் கைதட்டியிருக்கிறேன். உள்ளே கருகியவர்களைப் பற்றி, வளர்ந்தபின் வியாச பாரதத்தை மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான் யோசித்தேன். அன்று குந்தி விருந்து போடுகிறாள். வேடர் குலத்துப் பெண் ஒருத்தி, நிஷாதப் பெண், ஐந்து மகன்களோடு சாப்பிட வருகிறாள். உண்டு, குடித்து, அங்கேயே தூங்கிப் போகிறார்கள். நள்ளிரவில் பீமன் தீ வைக்கிறான். விடிந்ததும் ஆறு உடல்களைப் பார்த்து, குந்தியும் பிள்ளைகளும் என்று ஊர் அழுகிறது. நீர்க்கடனும் பாண்டவர் பெயரில்தான் நடக்கிறது. எரிந்தவளுக்குக் காவியத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

குந்தியின் துயரம் சின்னதில்லை. பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டவள் அவள். ஆனாலும் ஒரு தாயின் ஐவர் பிழைக்க, இன்னொரு தாயின் ஐவர் எரிந்தார்கள். இதைப் பேசாமல் குந்தியின் கதையை முழுதாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஏற்காட்டில் 20 வருடம் ஆசிரியையாக இருந்தவள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு, இடுப்பில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பிள்ளைகளோடு வரும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேடச்சி நினைவுக்கு வருவாள். விருந்து என்று நம்பித்தானே அவளும் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பாள்?

காட்டில் வாழும் முதிய குந்தியிடம் ஒரு நிஷாதப் பெண் வந்து இதைக் கேட்பதாக வங்கத்தில் மகாசுவேதா தேவி எழுதிவிட்டார். தமிழில் இதை மலையில் பிறந்த ஒருத்தி எழுதிப் படிக்க ஆசை. என்னிடம் படித்த பெண்கள் இப்போது சேலத்துக் கல்லூரிகளுக்கு மலையிறங்கிப் போகிறார்கள். அவர்களில் யாராவது அப்படி ஒரு கதை அனுப்பினால், உங்கள் பத்திரிகையில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு