அம்மாவுக்கு ஒரு சுவிட்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறு நம் ஹாம் ரேடியோவில் 14 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, "சிக்னல் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றீர்களே, அது வாரம் முழுக்க மனதில் கிடந்தது. கோளாறு என் பழைய மைக்கில்தான், இப்போது சரி செய்துவிட்டேன். உங்கள் மைக்குக்கும் கிட்டத்தட்ட அதே வயது என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே வேலை, வீடு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டன. பேச்சுதான் இன்னும் வசப்படவில்லை. அலுவலகத்தில் நான் ஒன்று சொன்னால் எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்குவார். திரும்ப மெதுவாகச் சொல்வேன். ரேடியோவிலும் இதேதான் நடந்தது. என் கால்சைனை, அதாவது உரிமத்தோடு வந்த அடையாள எழுத்துகளை, மூன்று நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. உச்சரிப்புதான் காரணம் என்று நினைத்து, கண்ணாடி முன்னால் நின்று ஆல்ஃபா, பிராவோ என்று சொல்லிப் பழகினேன். காரணத்தில் பெரும்பங்கு மைக்குடையது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

ரேடியோவோடு வந்த பழைய கைமைக்கைத் திறந்து பார்த்தேன். முன்பக்க ஓட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த நுரைப்பஞ்சு தார் மாதிரி இளகி, ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குச்சி ஒன்றைக் கூராக்கி ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்து எடுத்தேன். அதற்கே குரல் பாதி தெளிந்துவிட்டது. வேறு எதற்கும் முன்னால் உங்கள் மைக்கிலும் இதைப் பாருங்கள் அப்பா.

அடுத்து, உள்ளே எந்த மைக்கைப் போடுவது என்ற கேள்வி. அலமாரியில் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் கிரிஸ்டல் மேசை மைக்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அழகான பொருள்தான், ஆனால் இந்தக் காலத்து ரேடியோவின் 600 ஓம் உள்ளீட்டில் அதை நேராகச் செருகினால் குரல் தகரம் மாதிரி மெலிந்துவிடும். உள்ளே இருப்பது ரோஷெல் உப்புப் படிகம் என்றால் ஈரமும் சூடும் வேறு அதற்கு ஆகாது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் மைக்குக்கு மின்சாரம் எதுவும் வேண்டாம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் தருவது சில மில்லிவோல்ட்தான். கடைசியில் எலெக்ட்ரெட்டையே எடுத்தேன். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்டு செஸ்லரும் உருவாக்கிய வகை இது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, மெல்லப் பேசினாலும் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதுதான் வேண்டும். இங்கே சுவர்கள் மெலிசு. நம் நேரம் ஒத்துவரும்போது இங்கே நடுநிசி, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்.

எலெக்ட்ரெட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். என் ரேடியோவின் மைக் சாக்கெட்டிலேயே ஒரு முள்ளில் 5 வோல்ட் வருகிறது. அதை 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தேன். அந்த மின்சாரம் ரேடியோவின் குரல் உள்ளீட்டுக்குள் போகாமல் தடுக்க நடுவில் ஒரு கெபாசிட்டர். அதன் அளவில்தான் சூட்சுமமே இருக்கிறது. சின்னதாகப் போட்டால் அடிக்குரலையும் அதுவே வடிகட்டிவிடும். 0.1 மைக்ரோஃபாரட் போட்டதில் சுமார் 570 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கியது. என்னைப் போலக் கட்டைக் குரல்காரனுக்கு அடிக்குரலே, நாம் பேசும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் அனுப்பும் பலத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. சொல்லைச் சொல்லாகக் காட்டுவது மேலே இருக்கும் மெய்யெழுத்துகள்தான். கட்டு, தட்டு, பட்டு, மட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவு செய்து கேட்டேன். பழைய மைக்கில் நான்கும் ஒன்றுபோல் கேட்டன. இப்போது நான்கும் தனித்தனி.

பற்றவைக்கும்போது சூடு பட்டு ஒரு எலெக்ட்ரெட் செத்துப்போனது. இரண்டாவதை இரண்டு நொடிக்குமேல் தொடவில்லை. எல்லாம் முடித்துப் பேசினால், குரல் உயரும்போதெல்லாம் உறுமுகிறது என்றார் எதிர்முனை நண்பர். ஆன்டெனாக் கம்பி என் ஜன்னலை ஒட்டியே போகிறது, அதன் அலை மைக்குக்குள் புகுந்திருக்கிறது. எலெக்ட்ரெட்டின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு 1 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்து, கேபிளை ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்றுச் சுற்றினேன். உறுமல் நின்றது.

உங்களுடையது 600 ஓம் டைனமிக். அதில் இத்தனை வேலை வேண்டாம். தொடராக ஒரு 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதும், சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைந்துவிடும். வேறு ரேடியோவின் மைக்கை எடுத்துச் செருகிவிடாதீர்கள். வட்டமான அந்த எட்டு முள் சாக்கெட் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஐகாம், கென்வுட் கம்பெனி ரேடியோக்களில் குரல் 1ஆம் முள்ளில், யேசு (Yaesu) கம்பெனி ரேடியோவில் 8ஆம் முள்ளில். பேசும் பட்டனின் முள் மூன்றிலும் மூன்று இடம். அப்புறம், கேட்கவில்லை என்று மைக் கெயினைத் திருகாதீர்கள். ஏஎல்சி (ஒலி அளவு மிஞ்சாமல் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) மீட்டரின் ஊசி அளவைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு, வாயை அருகே கொண்டுபோய், மைக்கின் நேர் எதிரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள்.

இனி அம்மா விஷயம். புதன்கிழமை சோதனைக்குப் பேசினோமே, அப்போது நீங்கள் "கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றீர்கள். பின்னால் இருந்து அம்மா, "இது அவன் குரல் மாதிரியே இல்லையே" என்றது எனக்கும் கேட்டது. உரிமம் இல்லாததால் அவளால் திரும்பப் பேச முடியாது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்க மட்டும்தான் முடியும். கேட்பது என் குரலாக இருக்க வேண்டாமா?

அதனால் மைக்கின் பக்கவாட்டில் துளை போட்டு ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். மேலே தள்ளினால் பழையபடி 0.1. கீழே தள்ளினால் இன்னொரு 1 மைக்ரோஃபாரட் கூடவே சேரும், ரேடியோவின் வடிகட்டி அனுமதிக்கிற அடிக்குரல் அத்தனையும் உள்ளே வரும்.

வரும் ஞாயிறும் வழக்கமான நேரம்தான். இரைச்சலுக்குள் நீங்கள் என்னைக் கண்டுபிடிக்கும்வரை சுவிட்ச் மேலே இருக்கும். அம்மா வந்து உட்கார்ந்ததும் சொல்லுங்கள், கீழே தள்ளிவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்