மலையிறங்கும் முகக் காயங்கள்: சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை அழுத்தியபடியே ஸ்கூட்டரில் இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வண்டி தடுப்புச்சுவரில் மோதினால் முகம்தான் முதலில் அடி வாங்கும். அரை ஹெல்மெட்டில் தாடைக்கு எந்தக் காப்பும் கிடையாது. அடிவாரத்தில் சோதிக்கும்போது ஹெல்மெட் தாடையை மூடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமானது, அடிபட்டவரைக் கீழே கொண்டுவரும் முறை. கீழ்த்தாடை இருபுறமும் உடைந்தால் நாக்கைத் தாங்கும் முன்பகுதி பின்னால் சரிந்துவிடும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கும் ரத்தமும் உடைந்த பல்லும் மூச்சை அடைக்கும்; மலை இறங்குவதற்குள் உயிர் போய்விடலாம். நினைவோடு இருப்பவர், கழுத்தில் அடி இல்லையென்றால், முன்னால் குனிந்து உட்காரட்டும். நினைவில்லாதவரைத் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒருசேரப் பிடித்து ஒருக்களிக்க வேண்டும். மூக்கில் தெளிந்த நீர் வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சால் அடைக்கவோ மூக்கு வழியே குழாய் விடவோ கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியர்களோடு மலைக்கிராமத்து ஆட்டோ, ஜீப் ஓட்டுநர்களுக்கும் இதைச் செய்துகாட்டிப் பழக்குங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். மோவாயில் வெட்டுக்காயத்தோடு வருபவரைத் தையல் போட்டதும் அனுப்பிவிட வேண்டாம். அந்த அடி காதுக்கு முன்னுள்ள தாடை மூட்டில் போய் எலும்பை உடைத்திருக்கலாம். பல்வரிசை பழையபடி சேர்கிறதா, வாய் திறக்கும்போது தாடை ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். குழந்தைகளுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி, வாயே திறக்காமல் போகலாம்.

அறுவை சிகிச்சையில் முதல் வேலை, மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால் கட்டிக் கடியை, அதாவது இரு பல்வரிசையும் சேரும் விதத்தை, சரிசெய்வது. டைட்டானியம் தகடும் திருகும் அதன் பிறகுதான். கடி பிசகியபடி தகடு வைத்தால், எலும்பு ஒட்டினாலும் சோறு மெல்ல முடியாது. நடுமுகம் மண்டையோட்டிலிருந்து கழன்ற முறிவுகளில் வீக்கம் வடியச் சில நாள் காத்திருப்போம். ஆனால் 2 வாரம் தாண்டினால் எலும்பு தவறான இடத்தில் ஒட்டத் தொடங்கி, மறுபடி உடைத்துச் சேர்க்க வேண்டிவரும்.

இங்கேதான் சிக்கல். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்காக 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முகத்துக்கான பெரிய அறுவை பெரும்பாலும் அதற்குப் பிறகே நடக்கும். எனவே முதலமைச்சர் காப்பீட்டுக்கான ஆவண வேலையை, நோயாளி சேர்ந்த அன்றே தொடங்கும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவை மருத்துவர்கள், சேலம்