விளையாட்டுக் காட்டவில்லை ஐயா, பேரிங் மாற்றினார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில், படம் இல்லாமல், பத்து வரியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். தனுஷ்கோடியிலிருந்து காஷ்மீருக்கு ஸ்கேட்டிங் போர்டில் கிளம்பிய இளைஞர் ஒருவர் "மூன்று நாளாகியும் உச்சிப்புளியைத் தாண்டாமல், போக்குவரத்துக்கு இடையூறாகச் சாலையில் விளையாட்டுக் காட்டி வருகிறார்" என்று. எழுதிய நிருபர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தம்பி அன்றைக்கு உச்சிப்புளியைத் தாண்டாமல் இருந்ததற்குக் காரணம், பகல் முழுக்க என் கடையில் உட்கார்ந்திருந்ததுதான். அதனால் இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், டிரில்லிங் மெஷின் எல்லாம் பார்ப்பேன். புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும், முதுகில் ஒரு பை, கையில் அந்த ஸ்கேட்டிங் பலகையோடு தம்பி வந்து நின்று, "அண்ணே, 608 பேரிங் எட்டு கிடைக்குமா?" என்று கேட்டார். டிரில்லிங் மெஷினில் போடுகிற அதே அளவுதான், உள்ளே 8 மில்லி, வெளியே 22 மில்லி. சக்கரம் அச்சில் லேசாகச் சுற்றுவதற்கு உள்ளே வைக்கிற குண்டு வளையம்தான் பேரிங். நாலு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங். கையால் சுற்றிப் பார்த்தேன், நறநறவென்று சத்தம், இரண்டு சக்கரம் சுற்றவே இல்லை. கழற்றினால் உள்ளே மணலும் உப்பும் துருவும் சேர்ந்து காப்பிக் களி மாதிரி இருந்தது. முப்பது வருஷமாகக் கடலோரத்தில் மோட்டார் பிரிக்கிறேன், மூன்றே நாளில் ஒரு பேரிங் இந்த நிலைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

கடையில் ஆறுதான் இருந்தது. மிச்சம் இரண்டையும் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி, அது வந்து சேர மாலை நாலரை ஆகிவிட்டது. மாட்டி முடித்ததும், சரியாக உருள்கிறதா என்று கடை வாசலில் இரண்டு தடவை போய்த் திரும்பினார். அதுவும் ரோட்டில் இல்லை, கடைக்கு முன்னால் சிமெண்ட் போட்ட இடத்தில். நீங்கள் "விளையாட்டுக் காட்டி" என்று அச்சடித்தது அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் ஐயா. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்று நாளில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தானா என்று நினைப்பவர்கள் இந்த ஆனி மாதத்தில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, அடிக்கிற நேரம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் 2017-ல் திறந்த 9.5 கிலோமீட்டர் ரோட்டில், ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கமிருந்து காற்று மணலை வாரிக் கொட்டுவதில் சில இடங்களில் தாரே தெரிவதில்லை. பெரிய சக்கரம் இருப்பதால் சைக்கிள் எப்படியோ ஏறிப் போய்விடும். இந்தப் பலகைக்கு உள்ளங்கை அகலச் சக்கரம், ஒரு கைப்பிடி மணல் கிடந்தால் சக்கரம் அங்கேயே நிற்கும், மேலே இருக்கிற ஆள் முன்னால் போய் விழுவார். கியர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஒரு காலை லேசாக மடக்கி உடம்பின் எடை முழுவதையும் அதில் தாங்கிக்கொண்டு மறு காலால் உந்த வேண்டும், நிற்க வேண்டுமானால் அதே காலைத் தரையில் தேய்க்க வேண்டும், ஒரே காலுக்கு வேலை கொடுத்தால் இடுப்பு போய்விடும் என்று கால் மாற்றிக் கால் மாற்றிப் போக வேண்டும். பாம்பன் தாண்டி மேற்கே திரும்பியதும் கச்சான் நேர் எதிரே. நின்றுகொண்டு போகிறவருக்கு உடம்பே பாய்மரம் மாதிரி ஆகிவிடும், காற்று பின்னுக்குத் தள்ளும். வலது கால் ஷூ மூன்றாம் நாளே அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. எங்கள் ஊரில் செருப்புத் தைக்கிற பெரியவர் டயர் ரப்பர் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். காஷ்மீரில் பனி விழுவதற்கு முன்னால் சேர வேண்டும் என்றால் இந்தக் காற்றில்தான் கிளம்பியாக வேண்டும், அதையும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்.

இதெல்லாம் உலகத்தில் யாரும் செய்யாத கிறுக்குத்தனமும் இல்லை. நியூசிலாந்துக்காரர் ஒருவர் 2007, 2008-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கி ஷாங்காய் வரைக்கும் 12,159 கிலோமீட்டர் பலகையிலேயே போயிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் பலகை விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள், உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்த நினைவு இருக்கிறது.

அப்புறம் இடையூறு. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் அவர் பலகையில் ஏறவே இல்லை. இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலத்தை, இணைப்பு இரும்பில் சக்கரம் மாட்டினால் பின்னால் வருகிற வண்டிக்கும் ஆபத்து என்று, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைபாதையில் நடந்தே கடந்திருக்கிறார். அதே பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டுப் புது ரயில் பாலத்தோடு செல்ஃபி எடுப்பவர்களைத் தாங்கள் என்றைக்காவது இடையூறு என்று எழுதியதுண்டா? சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர் என்று பெரிய படமாகத்தான் போடுகிறீர்கள்.

இந்த வருத்தம் எனக்கு இந்த வியாழக்கிழமை வந்தது இல்லை. 2019-ல் என் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது, அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹார்ன் அடித்து ஓரம் கட்டியதில் தார் ரோட்டிலிருந்து மண்ணுக்கு இறங்கினாள். அந்த இடத்தில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் முக்கால் அடிப் பள்ளம். இடது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. வேன் நிற்கவே இல்லை. மறுநாள் உங்கள் பத்திரிகையில் "சைக்கிளில் சென்ற மாணவி தடுமாறி விழுந்து காயம்" என்று ஒரு வரி. அவள் தடுமாறவில்லை ஐயா, தள்ளப்பட்டாள். அன்றைக்கே கடிதம் எழுதினேன், பள்ளத்தின் அளவையும் இடத்தையும் குறித்து. நீங்கள் போடவில்லை. இன்றைக்கும் அவளுக்கு அந்தக் கை முழுசாக நீளாது. தடுமாறி, இடையூறாக, விளையாட்டுக் காட்டி, எஞ்சின் இல்லாமல் ரோட்டில் போகிறவர்களுக்கு உங்களிடம் இந்த வார்த்தைகள்தான் இருக்கின்றனவா?

2022-ல் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு இதே மாதிரி பலகையில் கிளம்பிய கேரள இளைஞர், 31 வயது, ஹரியானா வரை போய்விட்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. அங்கே லாரி மோதி இறந்துபோனார். தங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்த இளைஞரின் படத்தைத் தம்பி தன் போனில் வைத்திருக்கிறார், என்னிடம் காட்டினார். தெரிந்தேதான் போகிறார். அப்படிப் போகிறவரை நம் மாவட்டத்தில் முதலில் வரவேற்ற அச்செழுத்து அந்தப் பத்து வரி என்பது எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பது. 1964 டிசம்பர் 22 புயலை நினைத்து ஒவ்வொரு டிசம்பரிலும் தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறீர்கள், நல்லதுதான், எங்கள் சித்தப்பா குடும்பம் அந்த ராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தது. ஆனால் தலைப்பு வருஷா வருஷம் "பேய் நகரம்". அங்கே இன்றைக்கும் குடிசை போட்டுக்கொண்டு, வலை இழுத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் மணலில் இரண்டு தடவை விழுந்து முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்த தம்பிக்கு, மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் மொண்டு காயத்தைக் கழுவிவிட்டு, கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தது அந்த வீட்டுப் பெண்கள்தான். அவரிடம் ஊர் பேர் கூடக் கேட்கவில்லையாம், சாப்பிட்டியா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே மாவட்டப் பக்கத்தில், அதே மூலையில், அந்த இளைஞர் விளையாட்டுக் காட்டவில்லை, பழுதான பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார் என்று ஒரே ஒரு வரி திருத்தம் போடுங்கள். முடிந்தால் உங்கள் புகைப்படக்காரரை ஒருநாள் அனுப்புங்கள். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் தார் விளிம்பு எங்கெங்கே பள்ளமாக இருக்கிறது என்று நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். என் மகள் விழுந்த இடத்தில் மண் கொட்டி மேவினார்கள், இரண்டு மழையில் கரைந்து இப்போது பழையபடி இருக்கிறது.

தம்பி நேற்று ராத்திரி போன் பண்ணினார். மானாமதுரை தாண்டிவிட்டாராம். பேரிங் சத்தம் இல்லாமல் ஓடுகிறதாம். உங்கள் செய்தியை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லைண்ணே என்று மட்டும் சொன்னார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. கழற்றிய பழைய பேரிங் எட்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். நிருபர் எப்போது வந்தாலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை மதியம் வரைதான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
உச்சிப்புளி.