பெருந்தமனிக் கிழிசல் மரணங்களைத் தனியே பதிவு செய்யக் கோரி ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, பல்லடத்தை அடுத்த எங்கள் ஊரில், விசைத்தறியில் நாடாவுக்குத் தார் மாற்றிக்கொண்டிருந்த என் தந்தை, "கண்ணு, முதுகுக்குள்ள எதையோ கிழிக்கிறாப்பல இருக்குது" என்று சொல்லியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சேர்த்த மருத்துவமனையில் மாரடைப்பு என்று கருதி, இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். பெருந்தமனியின் (இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய இரத்தக்குழாய்) உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கிடையே இரத்தம் புகுந்திருப்பது மாலையில் கோவையில் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கையிலேயே உயிர் பிரிந்தது. இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால், சிகிச்சை கிடைக்காத நிலையில், தொடக்கத்தில் மணிக்கு 1 முதல் 2 விழுக்காட்டினர் இறக்கிறார்கள் என்பதையும், மாரடைப்புக்குத் தரும் அந்த மருந்தே இங்கு ஊறு செய்யக்கூடும் என்பதையும் பிறகே அறிந்தேன்.

மேலைநாட்டு ஆய்வுகளின்படி இந்தக் கிழிசல் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கு நேர்கிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். பத்தில் ஏழு பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. குளிர்காலத்திலும் காலைப் பொழுதிலும் கூடுதலாக நிகழ்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உங்கள் மூன்று மாவட்டங்களில் சுமார் 82 லட்சம் பேர். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால் ஆண்டுக்கு 250 முதல் 500 பேர் என்றாகிறது. இவர்களில் எத்தனை பேர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்து, உடற்கூறாய்வின்றி மாரடைப்புக் கணக்கில் சேர்கிறார்கள்?

எட்டாண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவும் இதே போல முதுகைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே இறந்தார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், நாங்களும் நம்பினோம். இந்நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது; அன்றே உண்மை தெரிந்திருந்தால் என் தந்தைக்கு எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்திருப்போம், பிரஷர் மாத்திரையை இடையில் நிறுத்தவும் விட்டிருக்க மாட்டோம்.

ஆகவே, முதுகுக்குப் பரவும் திடீர் நெஞ்சுவலியோடு வருவோருக்கு இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கவும் (இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அது கிழிசலின் அறிகுறியாகலாம்; வேறுபாடு இல்லாததாலேயே கிழிசல் இல்லை என்று முடிவு செய்யாதிருக்கவும்), ஐயம் எழுந்தால் தாமதமின்றி சி.டி. எடுக்கவும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை அறிவுறுத்துங்கள். மூன்று மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கெனப் பதிவேடு தொடங்கி, நோயுற்றவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழையுங்கள். தம்பியும் நானும் எக்கோ எடுத்துக்கொண்டோம். பெரியப்பாவின் மகன்களை எத்தனை முறை அழைத்தாலும், அந்தச் சான்றிதழைக் காட்டியே மறுக்கிறார்கள்.